உஷார்! உங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பாறை நகர்ந்துகொண்டிருக்கலாம்

மலையடிவாரத்தில் வீடா? கொல்லைப்புறத்தில் பாறைச் சரிவா? கல் குவாரியில் வேலையா? மலை ஊரில் மனை வாங்க முன்பணம் கொடுக்கப் போகிறீர்களா? அப்படியானால் இதை நாளைக்கு என்று ஒதுக்கிவைக்காதீர்கள்.

"தாத்தா காலத்திலிருந்து அப்படியேதான் நிக்குது. அது எங்கே போகப்போகுது?" மலையோர ஊர்களில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது. ஆளைக் கொல்லும் நம்பிக்கையும் இதுதான்.

எந்தப் பாறையை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஏராளம். பாறையின் சொந்த எடையும் மேலே இருக்கும் பாரமும் அந்தக் கீறல்களை ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கின்றன. ஒரேயடியாக உடைக்கப் போதாத பாரம்கூட, காலம் கிடைத்தால் கீறலை மயிரிழை மயிரிழையாக நீட்டிவிடும். கீறல்கள் ஒன்றோடொன்று சேரும்போது சரிவு முழுவதும் மெல்ல ஊர ஆரம்பிக்கும். முதலில் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர், பிறகு சில சென்டிமீட்டர். எவ்வளவு வேகத்தில் ஊரும் என்பதை மழைநீரும் காற்றின் ஈரமும் வெயிலும் பனியும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அவை மாறினால், நூறு ஆண்டு நின்ற சரிவின் கதை சில வாரங்களில் முடிந்துவிடக்கூடும்.

சரியும் பாறை பெரும்பாலும் நெடுநாள் நகர்ந்த பிறகே விழுகிறது. அந்த நகர்வை முன்கூட்டியே பார்த்துவிட்டவர்கள் தப்பியிருக்கிறார்கள். பார்த்தும் அலட்சியம் செய்தவர்கள் ஊரோடு அழிந்திருக்கிறார்கள்.

நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்

இத்தாலியின் வடகிழக்கில் வயோன்ட் பள்ளத்தாக்கில் சுமார் 262 மீட்டர் உயரத்துக்கு ஒரு அணை கட்டினார்கள். அன்று உலகிலேயே உயரமான வளைவு அணை அது. அணைக்கட்டுமானம் உறுதியாகத்தான் இருந்தது. ஆபத்து, நீர்த்தேக்கத்தின் தென்கரையில் நின்ற டோக் மலையில் இருந்தது. அங்கே சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய களிமண் படிவங்கள் இருந்தன. அந்தச் சரிவே பழைய காலத்தில் ஒருமுறை சரிந்து வந்து நின்ற பிரமாண்டமான பாறைத் தொகுதி என்று எடோர்டோ செமென்ஸா என்ற புவியியலாளர் கண்டறிந்து சொன்னார். அவர் வேறு யாருமல்ல, அணையை வடிவமைத்த பொறியாளரின் மகன்.

1960-இல் தண்ணீர் ஏற ஏற மலை நகர்ந்தது. நவம்பர் 4 அன்று ஏழு லட்சம் கன மீட்டர் பாறை நீர்த்தேக்கத்தில் விழுந்தது. மேலே சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு விரிசல் திறந்தது. நீர்மட்டத்தை இறக்கினார்கள், நகர்வு அடங்கியது. மீண்டும் ஏற்றினார்கள், மீண்டும் நகர்ந்தது. இறக்கினார்கள், அடங்கியது. தண்ணீரை ஏற்றி இறக்கியே மலையைக் கட்டுக்குள் வைத்துவிடலாம் என்று பொறுப்பில் இருந்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

1963-இல் மூன்றாம் முறையாக நீர்மட்டத்தை உயர்த்தினார்கள். செப்டம்பரில் நகர்வு வேகமெடுத்தது. மறுபடி இறக்கினார்கள். இந்த முறை மலை அடங்கவில்லை. அக்டோபரில் ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டர் வரை நகர்ந்தது. அக்டோபர் 9, இரவு 10.39-க்கு சுமார் 27 கோடி கன மீட்டர் பாறை ஒரு நிமிடத்துக்குள் தண்ணீருக்குள் பாய்ந்தது. அணையைத் தாண்டி எழுந்த அலை, கீழே இருந்த லோங்கரோனே ஊரையும் சுற்றுப்புறக் கிராமங்களையும் துடைத்துப் போட்டது. ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். அணை இன்றும் அங்கேயே நிற்கிறது.

முதல் இரண்டு முறை தப்பியதால் மூன்றாம் முறையும் தப்பலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் ஒவ்வொரு நகர்விலும் அந்தச் சரிவு உள்ளுக்குள் சேதப்பட்டுக்கொண்டே வந்தது. 1960-இல் இருந்த மலை 1963-இல் இல்லை. உங்கள் ஊர்ச் சரிவுக்கும் இது பொருந்தும். போன ஆண்டு மழையைத் தாங்கியது என்பது இந்த ஆண்டு மழைக்கு உத்தரவாதம் கிடையாது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்தப் பள்ளத்தாக்கு மக்களின் அச்சத்தை டினா மெர்லின் என்ற பத்திரிகையாளர் முன்கூட்டியே எழுதினார். பொய்ச் செய்தி பரப்பிப் பீதி கிளப்புகிறார் என்று அவர் மீது வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் அவரை விடுவித்தது. மலை மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை.

தண்ணீர் உள்ளே போய் என்ன செய்கிறது?

மழை பெய்தால் மேல்மண் கரையும், அதனால் கல் உருளும். இவ்வளவுதான் நம்மில் பலருக்குத் தெரிந்தது. பாறைக்குள் தண்ணீர் செய்யும் வேலை இதைவிடப் பெரியது.

முதலாவது, அழுத்தம். விரிசலுக்குள் பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அடியில் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன் தள்ளுவிசை உண்டாகும். ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருக்கும் பாறை முகங்களை அது பிரிக்கப் பார்க்கும். பிடிப்பு தளர்ந்தால் சரிவு வழுக்கும்.

இரண்டாவது, ரசாயனம். கருங்கல்லில் உள்ள முக்கியமான கனிமங்கள் சிலிக்கானும் ஆக்சிஜனும் பின்னிய கட்டமைப்பு கொண்டவை. இழுபட்டுக்கொண்டிருக்கும் கீறலின் நுனியில் ஒரு நீர் மூலக்கூறு போய்ச் சேர்ந்தால் அந்தப் பிணைப்பு சுலபமாக அறுந்துவிடும். இதற்கு வெள்ளம் வேண்டாம், காற்றில் இருக்கும் ஈரமே போதும். கண்ணாடியும் இதே பிணைப்புகளால் ஆனதுதான். ஒரே அளவு பாரத்தில், காற்றின் ஈரப்பதம் கூடக்கூடக் கண்ணாடியில் விரிசல் ஓடும் வேகம் பல மடங்கு கூடுகிறது என்று அமெரிக்க விஞ்ஞானி ஷெல்டன் வீடர்ஹார்ன் 1967-இல் காட்டினார். வெப்பம் கூடினால் இந்த வினை இன்னும் வேகமாக நடக்கும். ஈரமும் சூடும் சேர்ந்த நம் ஊர்த் தட்பவெப்பத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, உருமாற்றம். மழைநீர் காற்றில் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகத்தான் இறங்குகிறது. அது கருங்கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தைக் காலப்போக்கில் களிமண்ணாக மாற்றிவிடும். வெளியே உறுதியாகத் தெரியும் பாறையின் இடுக்குகளில் வழுக்கும் களிமண் சேர்ந்துகொண்டே போகும். அது நனைந்து ஊறும் நாளில் பிடிமானம் போய்விடும். டோக் மலை வழுக்கியதும் ஊறிய களிமண் படிவத்தின் மேல்தான்.

மழையே இல்லாமலும் உடையும்

மழைக்காலம் போய்விட்டால் நிம்மதி என்று இருந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் யோசமிட்டி பள்ளத்தாக்கில் செங்குத்தான கிரானைட் சுவர் ஒன்றிலிருந்து பாதி பெயர்ந்து நின்ற பாறைப் பலகையில் பிரையன் காலின்ஸ், கிரெக் ஸ்டாக் என்ற இரு ஆய்வாளர்கள் கருவிகளைப் பொருத்தி மூன்று ஆண்டுகளுக்கு மேல் கண்காணித்தார்கள். பலகையின் உயரம் 19 மீட்டர். பகல் வெயிலில் அது சுவரை விட்டு ஒரு சென்டிமீட்டர் வரை விலகியது, இரவுக் குளிரில் திரும்பியது. தினமும் இதே ஆட்டம். ஆனால் காலப்போக்கில் போன அளவுக்கு முழுதாகத் திரும்பி வரவில்லை. விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றது.

கலிஃபோர்னியாவின் ட்வெய்ன் ஹார்ட் என்ற ஊரில் 2014 ஆகஸ்டில் மழையும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. வெறும் வெயில்தான். அங்கே ஒரு கிரானைட் குன்றின் மேல் தகடு பெருஞ்சத்தத்துடன் வெடித்துக் கிளம்பியது. பக்கத்திலிருந்தவர்கள் அதைப் படமும் பிடித்தார்கள்.

வட கரோலினாவில் ஒரு கிரானைட் பாறையில் ஒலி உணரிகளை ஒட்டி மாதக்கணக்காகக் கவனித்த மார்த்தா எப்ஸின் குழு, கீறல் விடும் சத்தங்கள் சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியும், வானிலை சட்டென்று மாறும்போதும் அதிகம் கேட்பதைக் கண்டது. நாளெல்லாம் காய்ந்த பாறையின் மேற்பரப்பு சீக்கிரம் குளிர்கிறது, உட்புறம் சூடாகவே இருக்கிறது. அந்த இழுபறியில் கீறல் ஓடுகிறது.

நம் கல் வேலைக்காரர்களுக்கு இது புதிதல்ல. பாறை மேல் விறகை அடுக்கித் தீ மூட்டி, சூட்டில் மேல்தகடு தனியாகக் கிளம்பியதும் பலகை பலகையாகப் பெயர்த்தெடுக்கும் முறை தென்னிந்தியாவில் நெடுங்காலம் இருந்தது. அவர்கள் நெருப்பை வைத்து ஒரு நாளில் செய்ததை வெயில் பல ஆண்டுகள் எடுத்துச் செய்கிறது.

நம் மலைகளில் நிலைமை என்ன?

தமிழ்நாட்டின் மொட்டைக் குன்றுகளைப் பாருங்கள். வெங்காயத் தோல் உரிவது மாதிரி அவற்றின் மேல்தகடுகள் வளைந்து வளைந்து கிளம்பி நிற்கும். உரிந்த தகடு துண்டாகி, உருண்டைப் பாறைகளாகிச் சரிவில் தங்கிவிடும். அதை அங்கே பிடித்துவைத்திருப்பது கொஞ்சம் மண்ணும் சில வேர்களும்தான். அரசும் ஆலும் முளைத்தால் அவற்றின் வேரே இடுக்கைப் பிளக்கும்.

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவு வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் இறங்கியது. மண்ணும் பாறையும் மூடி 7 பேர் இறந்தார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். மழை அன்றைக்குப் பெய்தது. ஆனால் சரிவில் நிற்கும் பாறைகள் தாய்ப்பாறையை விட்டுப் பிரிவது ஒரே மழையில் நடக்கிற காரியமல்ல. வெயிலும் ஈரமும் பல காலம் வேலை செய்த பிறகுதான் கடைசி மழை வந்து தள்ளுகிறது.

நீலகிரியும் கொடைக்கானலும் இன்னொரு வகை. அங்கே அடியில் இருப்பது சார்னோக்கைட் என்ற கடினமான பாறை. ஆனால் மழையும் ஈரமும் தின்று, மேலே பல மீட்டர் ஆழத்துக்கு அது மண்ணாகவும் களியாகவும் மாறிக் கிடக்கிறது. அந்தச் சரிவின் அடியைப் பொக்லைன் வைத்து நேர்குத்தாக வெட்டி ரிசார்ட்டும் சாலையும் போடுகிறோம். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் வெட்டு நிற்கவில்லை.

இலங்கை மலையகத்தில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை, தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் அந்த இடத்தை ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது. ஆபத்தை அறிந்து சொல்பவர்கள் இருந்தும், அந்த மக்களைக் குடியேற்ற மாற்று இடம் கிடைக்கவில்லை. இதைக் கோபத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. எச்சரித்துவிட்டு மாற்று வீடு தராமல் இருப்பது, எச்சரிக்காமலே இருப்பதற்குச் சமம்.

அளந்தவர்கள் பிழைத்தார்கள்

சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமத்துக்கு மேலே இருந்த மலைமுகடு நகர்வதைக் கவனித்து, 2025 மே மாதம் சுமார் 300 பேரையும் வெளியேற்றினார்கள். மே 28 அன்று பாறையும் பனிப்பாறையும் சேர்ந்து இறங்கி ஊரின் பெரும்பகுதியை மூடிவிட்டது. ஊர் போயிற்று, உயிரிழந்தவர் ஒருவர்தான்.

அதே நாட்டின் பிரியென்ஸ் கிராமத்தை 2023 மே மாதம் காலி செய்தார்கள். ஜூன் 15 இரவு பாறை இறங்கி ஊர் எல்லைவரை வந்து நின்றது. அங்கே மலைக்கு அடியில் சோதனைச் சுரங்கம் தோண்டித் தண்ணீரை வடித்தபோது ஊர் நகரும் வேகம் குறைந்தது. தண்ணீரை வெளியேற்றினால் மலை நிதானப்படும் என்பதற்கு இது கண்முன் இருக்கும் சாட்சி.

இந்த அடையாளங்கள் தெரிந்தால் அசட்டை வேண்டாம்

- வீட்டுக்கு மேலே, சரிவின் குறுக்கே புதிய விரிசல். பழைய விரிசல் அகலமாவது.
- சின்னக் கற்கள் முன்னைவிட அடிக்கடி உருண்டு வருவது. விழுந்த இடத்தில் வெயில்படாத புதுநிறப் பாறை தெரிவது.
- கதவு, சன்னல் திடீரென்று சிக்கிக்கொள்வது. சுவரிலும் தரையிலும் சாய்வான பிளவு.
- மின்கம்பம், வேலி, மரம் ஒரே திசையில் சாய்வது.
- ஊற்றுநீர் கலங்கலாக வருவது, சட்டென்று வற்றுவது, இல்லாத இடத்தில் புதிதாகக் கசிவது.
- மலைக்குள்ளிருந்து வெடிப்புச் சத்தம் அல்லது உறுமல்.

கடைசி இரண்டில் எது நடந்தாலும் பெட்டி கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு, சரிவின் வழியில் இல்லாத இடத்துக்கு உடனே போய்விடுங்கள்.

விரிசலை அளந்து எழுதி வையுங்கள்

இதற்கு வெளிநாட்டுக் கருவி வேண்டாம். மழை இல்லாத நாளில், பாதுகாப்பாகப் போய்வர முடிகிற இடமாக இருந்தால், விரிசலின் இரு பக்கமும் ஒவ்வொரு ஆணி அடியுங்கள். கல்லாக இருந்தால் பெயிண்டில் புள்ளி வையுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து, தேதி போட்டு எழுதுங்கள். சாதாரண நாட்களில் வாரம் ஒருமுறை அளந்தால் போதும். சுவர் விரிசல் என்றால் குறுக்கே ஒரு துண்டுக் கண்ணாடியை ஒட்டிவிடுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும்.

எவ்வளவு நகர்ந்தது என்பதைவிட, வேகம் கூடுகிறதா என்பதைப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் நகர ஒரு மாதம் ஆனது, அடுத்த இரண்டுக்குப் பத்து நாள், அதற்கடுத்த இரண்டுக்கு மூன்று நாள் என்று போனால் சரிவு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. சரிவு விழப்போகும் நேரத்தைக் கணிக்க ஜப்பானின் ஃபுகுசோனோ 1985-இல் கொடுத்த முறை, இந்த வேகம் கூடுவதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. அந்த நிலையில் அளந்துகொண்டு நிற்காதீர்கள். இடத்தைக் காலி செய்யுங்கள்.

எழுதிய அளவுகளையும் தேதி போட்ட போட்டோக்களையும் கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தாரிடமும் எழுத்து மூலமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அவசரம் என்றால் தமிழ்நாட்டில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070. இலங்கையில் இடர் முகாமைத்துவ நிலையம் 117.

செய்யவே கூடாதவை

சரிவின் அடியை வெட்டாதீர்கள். மேலே இருப்பதைத் தாங்குவது அந்த அடிதான். செப்டிக் டேங்க் தண்ணீர், குளியலறைத் தண்ணீர், கூரைத் தண்ணீர் எதுவும் சரிவுக்குள் இறங்க விடாதீர்கள். வாய்க்கால் கட்டி வெளியே ஓட்டுங்கள். தடுப்புச் சுவர் கட்டுவதானால் தண்ணீர் வடியத் துளை வையுங்கள். துளை இல்லாத சுவர் தண்ணீரைத் தேக்கி, தானும் விழுந்து மலையையும் இழுத்துவரும். விரிசலைச் சிமென்ட் பூசி மறைத்துவிட்டு வீட்டை விற்காதீர்கள். வாங்குகிறவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

குவாரித் தொழிலாளர்களே, நேற்று வெடி வைத்த முகப்பு இன்று நிற்கிறது என்று அதன் அடியில் போய் உட்காராதீர்கள். வெடியில் புதிதாகத் திறந்த கீறல்கள் வெடி முடிந்த பிறகும் வளரும். படிப்படியாக வெட்ட வேண்டும் என்ற விதி உங்கள் உயிருக்காக எழுதப்பட்டது. நேர்குத்தாக வெட்டிய சுவருக்குக் கீழே வேலை செய்யச் சொன்னால் மறுப்பது உங்கள் உரிமை.

மழை நின்றதும் திரும்பிவிடாதீர்கள். மேலே பெய்த நீர் ஆழத்தில் இருக்கும் விரிசலுக்குப் போய்ச் சேர நாள் பிடிக்கும். வானம் வெளுத்த பிறகு விழுந்த சரிவுகள் உண்டு. அதிகாரிகள் பார்த்துச் சொல்லும்வரை காத்திருங்கள்.

பெய்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழை, காய்ந்தால் முன்பு காணாத வெயில் என்று பருவம் மாறிக்கொண்டிருக்கிறது. பாறையின் நகர்வை முடுக்கிவிடும் இரண்டுமே ஒன்றாகக் கூடுகின்றன. அரசு செய்ய வேண்டியது தெளிவு: ஆபத்தான சரிவுகளை அளக்க வேண்டும், அளவை ஊருக்குச் சொல்ல வேண்டும், அங்கே இருப்பவர்களுக்கு மழைக்கு முன்பே மாற்று வீடு தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கும்வரை உங்கள் காவலுக்கு நீங்கள்தான். இந்த ஞாயிற்றுக்கிழமையே அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு போய்ச் சரிவைப் பாருங்கள். விரிசல் இருந்தால் ஆணி அடித்து அளந்து எழுதுங்கள். வேகம் கூடினால், யார் சிரித்தாலும் பொருட்படுத்தாமல் அன்றிரவே வேறு இடத்தில் போய்த் தூங்குங்கள்.